புலி இல்லாத தீவில் புள்ளிமான்: காட்டு விளிம்பும் உணவு வலையும்

சங்க மலருக்கு ஓர் அறிவியல் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் மின்னி பேயில் உள்ள என் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். "ஐயா, பாடப்புத்தகம் மாதிரி இல்லாம, நம்ம தீவைப் பத்தி இருந்தா நல்லா இருக்கும்" என்று ஒரு நிபந்தனையும் போட்டார்கள். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுத்துப் பழகிய எனக்கு, பாடப்புத்தகத்தை விட்டு வெளியே வருவது கொஞ்சம் சிரமம்தான். நல்லவேளையாக, என் தங்கை மகள் கேட்ட ஒரு கேள்வி கைகொடுத்தது.

மெயின்லேண்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த தங்கை குடும்பத்தை ராஸ் தீவுக்கு அழைத்துப் போயிருந்தேன். 2018 டிசம்பர் முதல் அதற்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர். ஆனாலும் நம் வாயில் இன்னும் ராஸ்தான் வருகிறது. (போர்ட் பிளேரே 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. பழகத்தானே வேண்டும்!) இடிந்த கட்டடங்களுக்கு இடையே புள்ளிமான்கள் பயமே இல்லாமல் மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு மான் அவள் கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டையே பிடுங்கப் பார்த்தது. அப்போது அவள் கேட்டாள்:

"மாமா, இந்த மான் எல்லாம் கடல்ல நீந்தியா வந்துச்சு?"

"இல்லம்மா, கப்பல்ல கொண்டுவந்தாங்க."

"அப்போ புலியை ஏன் கொண்டுவரலை?"

சிரித்துவிட்டேன். ஆனால் வீடு திரும்பும்போது யோசித்துப் பார்த்தால், அந்தமான் காடுகளைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் விஷயம் முழுதும் இந்தச் சின்னக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. அதைத்தான் இங்கே விளக்க முயல்கிறேன்.

உணவு வலை

புல்லை மான் தின்கிறது, மானைப் புலி தின்கிறது. இது உணவுச் சங்கிலி. பள்ளிக்கூடத்தில் நாம் எல்லாரும் படித்தது. 1927-இல் சார்லஸ் எல்ட்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் விலங்குச் சூழலியல் பற்றி எழுதிய நூலில் இந்தக் கருத்தைத் தெளிவாக நிலைநாட்டினார். ஆனால் இயற்கையில் தனிச் சங்கிலி என்று ஒன்று கிடையாது. மான் புல்லை மட்டும் தின்பதில்லை. இளந்தளிர், உதிர்ந்த பழம், சருகு என்று கிடைத்ததையும் தின்னும். புலி மானை மட்டும் தின்பதில்லை. புலி விட்ட மிச்சத்தைக் கழுகும் எறும்பும் தின்னும். இப்படிப் பல சங்கிலிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடப்பதே உணவு வலை.

மீன் வலையில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்று நம் கடற்கரை மக்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் மட்டும் ஓட்டை விழுவதில்லை. இழுக்க இழுக்கப் பக்கத்துக் கண்ணிகளும் பிரியும். உணவு வலையும் அப்படியே. இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. அறுந்தால்தான் கெடும் என்றில்லை. வேறு வலையிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கொண்டுவந்து இங்கே ஒட்டினாலும் வலை கெடும். அந்தமானில் நடந்தது இந்த இரண்டாவது வகை.

விளிம்பில் வாழும் விலங்கு

புள்ளிமானைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் காட்டின் விளிம்பைப் புரிந்துகொள்ள வேண்டும். காடும் புல்வெளியும் சந்திக்கும் இடத்தில் இரண்டு உலகங்களும் ஒருசேரக் கிடைக்கின்றன. புல்வெளியில் தீனி, காட்டுக்குள் நிழலும் மறைவும். ஆகவே இரண்டும் தேவைப்படும் உயிர்கள் விளிம்பை நாடி வரும்.

நம் முன்னோர் நிலத்தைத் திணைகளாகப் பிரித்தபோது ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்குரிய விலங்கு, பறவை, மரம், மக்கள் தொழில் எல்லாவற்றையும் கருப்பொருள் என்று சேர்த்தே சொன்னார்கள். காடும் காடு சார்ந்த இடமுமான முல்லைக்கு மானும் முயலும். மக்களுக்கு ஆநிரை மேய்த்தல். மேய்ச்சல் நிலமும் காடும் கலந்த நிலத்தில் மானை வைத்தார்கள் பாருங்கள், அது வெறும் கவிதை அழகுக்காக மட்டும் இருக்க முடியாது. அந்த நிலத்தில் நடந்து, பார்த்துப் பழகியவர்களின் கணிப்பு அது என்பது என் எண்ணம். ஒரு விலங்கைத் தனியாகச் சொல்லாமல் நிலத்தோடும் மற்ற உயிர்களோடும் சேர்த்துச் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது.

ஜார்ஜ் ஷேலர் என்ற ஆராய்ச்சியாளர் 1960களில் மத்தியப் பிரதேசத்தின் கானா காட்டில் தங்கி, மானையும் புலியையும் பற்றிச் செய்த ஆய்வு 1967-இல் நூலாக வந்தது. இந்தியாவில் இத்துறைக்கு அது ஒரு தொடக்கம் எனலாம். சால மரக் காடுகளுக்கு நடுவே பரந்த புல்வெளிகள் உள்ள இடம் கானா. அங்கே புள்ளிமான்கள் காலையிலும் மாலையிலும் வெளியில் வந்து மேய்வதும், வெயில் ஏறியதும் மர நிழலுக்குள் போவதும் அன்றாட நடைமுறை.

முதுமலையில் நடப்பது என்ன?

நம் தமிழ்நாட்டு உதாரணத்துக்கு வருவோம். ஊட்டியிலிருந்து மைசூருக்குப் போகிறவர்கள் முதுமலை வழியாகப் போயிருப்பீர்கள். 1940-இல் சரணாலயமாகி, 2007-இல் புலிகள் காப்பகமானது. சாலையோரத்துப் புல்தரையில் மான் கூட்டம் நிற்பதைப் பார்த்து, "அட, எவ்வளவு அமைதியா மேயுது" என்று நாம் வண்டியை நிறுத்துகிறோம். உண்மையில் அந்த மான்கள் அமைதியாக இல்லை. கூட்டத்தில் ஏதாவது ஒன்று எப்போதும் தலையைத் தூக்கிக் காதைத் திருப்பிக்கொண்டே இருக்கும். புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றும் அந்தக் காட்டில் உண்டு. திறந்த புல்வெளியில் எதிரி வருவது தூரத்திலேயே தெரியும்; அடர்ந்த புதரில் தெரியாது. எனவே தீனி எவ்வளவு இருந்தாலும், சில இடங்களில் மான் நின்று தின்னத் துணியாது. அப்படி அது தொடாத இடங்களில் இளஞ்செடிகள் பிழைத்து மரமாகின்றன.

இதுதான் முக்கியமான செய்தி. புலி மானைக் கொன்று குறைப்பதோடு நின்றுவிடுவதில்லை. மானை ஓரிடத்தில் நிலைத்து நிற்கவிடாமலும் செய்கிறது. புலி செடியைத் தின்பதில்லை. ஆனால் செடிக்குக் காவல் நிற்கிறது.

இன்னும் சில உறவுகள் இந்த விளிம்பில் உண்டு. மரத்தின் மேல் சாம்பல் மந்திகள் இலையும் பழமும் தின்னும்போது பாதியைக் கீழே சிந்தும். புல் காய்ந்த கோடையில் மானுக்கு அது நல்ல தீனி. பதிலுக்கு மான் என்ன தருகிறது? எச்சரிக்கை. மேலிருந்து மந்தி சிறுத்தையைப் பார்த்தால் குரல் கொடுக்கும். கீழே மான் மோப்பம் பிடித்தால் அது குரல் கொடுக்கும். ஒன்றின் குரலுக்கு மற்றது ஓடும்.

நெல்லி மரத்துக்கும் மானுக்கும் உள்ள உறவு இன்னும் சுவையானது. கீழே விழுந்த நெல்லிக்கனியை மான் விழுங்கும். பிறகு வேறோர் இடத்தில் படுத்து அசைபோடும்போது கொட்டையை வெளியே துப்பிவிடும். இப்படி, தாய் மரத்தை விட்டுத் தள்ளிப்போய் முளைக்க விதைக்கு ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. மான் போடும் புழுக்கையை வண்டுகள் மண்ணுக்குள் புதைத்து எருவாக்குகின்றன. புல்வெளியில் தின்றது காட்டுக்குள் உரமாகிறது.

ஆக, முதுமலையில் மான் அழிவு செய்யும் விலங்கு அல்ல. அந்த வலையின் நடுக்கண்ணி. அதைத் தின்பதற்கு ஆள் உண்டு, அது தின்பதற்குப் புல் உண்டு, அதனால் பலனடையும் மரமும் உண்டு. இத்தனையும் சேர்ந்ததுதான் 'மான்'.

நம் தீவுகளின் பழைய கணக்கு

இப்போது கடலைத் தாண்டி இங்கே வருவோம். அந்தமான் காடு மழைக்காடு. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. படாக்கும் குர்ஜனும் ஓங்கி நிற்க, கீழே இருட்டு. நிக்கோபாரில் கமோர்ட்டா, தெரசா போன்ற தீவுகளில் இயற்கையான புல்வெளிகள் உண்டு. குன்றின் மேல் புல்லும் பள்ளத்தில் காடுமாக அங்கே விளிம்பு கண்ணுக்கே தெரியும். அந்தமானில் அப்படிப்பட்ட பெரிய புல்வெளிகள் கிடையாது. காடு நேரே கடற்கரைக்கும் அலையாத்திக்கும் இறங்கிவிடும்.

பெரிய விலங்குகளும் இல்லை. காட்டுப்பன்றி உண்டு, மரநாய் உண்டு, வௌவால், எலி, மூஞ்சூறு வகைகள் உண்டு. மான் இல்லை, குரங்கு இல்லை, புலி சிறுத்தை இல்லை. அதற்கு மாறாக வேறெங்கும் காணாத சின்ன உயிர்கள் ஏராளம். அந்தமான் ஓணான், பச்சை நிறப் பகல் பல்லி, அந்தமான் நாகம், அந்தமான் பாம்புப்பருந்து என்று பெயரிலேயே 'அந்தமான்' ஒட்டிக்கொண்டிருக்கும் பட்டியல் நீளமானது. மனிதன் உட்காரும் உயரத்துக்குக் கீழே, செடியும் கன்றும் கொடியும் சருகுமாக இருக்கும் கீழடுக்குத்தான் இவற்றில் பலவற்றுக்கு வீடு. அந்தக் கீழடுக்கைக் கூட்டமாக வந்து மேயும் குளம்பு விலங்கு எதையும் இந்தச் செடிகள் சந்தித்ததில்லை.

மான் வந்த கதை

20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர் இங்கே புள்ளிமானைக் கொண்டுவந்து விட்டார்கள். வேட்டைக்கும் அழகுக்கும் என்பதுதான் அந்தக் காலத்து எண்ணம். வேறு சில மான் இனங்களையும் விட்டுப் பார்த்தார்கள். அவை சரியாகப் பரவவில்லை. புள்ளிமான் பரவியது. மான் நன்றாக நீந்தும் என்பதால் குறுகிய கால்வாய்கள் அதற்குத் தடையாகவே இல்லை. ஒரு தீவிலிருந்து அடுத்த தீவு, அங்கிருந்து அடுத்தது என்று பெரும்பாலான அந்தமான் தீவுகளுக்குப் போய்விட்டது.

என் தங்கை மகள் கேட்டாளே, "புலியை ஏன் கொண்டுவரலை" என்று; கிட்டத்தட்ட அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள்! மான் பெருகி மரக்கன்றுகளைத் தின்கிறது என்று கண்ட வனத்துறை, 1950களின் தொடக்கத்தில் இரண்டு சிறுத்தைகளைக் கொண்டுவந்து காட்டில் விட்டது. இரண்டுமே பெண். பிறகு என்ன, அவற்றோடு அந்த முயற்சி முடிந்தது. சிரிப்பாக இருந்தாலும், ஒருவகையில் நல்லதே நடந்தது என்று சொல்லவேண்டும். சிறுத்தை பெருகியிருந்தால் மானை மட்டுமா தின்றிருக்கும்? பன்றியையும் குடியிருப்பு ஆடு மாடுகளையும் விட்டிருக்காது. ஒரு தப்பைச் சரிசெய்ய இன்னொரு தப்பு என்று கதை நீண்டிருக்கும்.

இன்டர்வியூ தீவில் யானைக் கதை வேறு. 1962 வாக்கில் மரம் வெட்டும் தொழில் நொடித்துப்போனபோது சுமார் 40 வேலை யானைகள் அங்கே கைவிடப்பட்டன. அவை காட்டு யானைகளாகவே வாழத் தொடங்கின.

ஓணானுக்கு என்ன ஆச்சு?

இங்கே வந்த மானுக்குப் புல்வெளியும் இல்லை, புலியும் இல்லை. புல் இல்லாததால் காட்டுக்குள் போய்க் கன்றையும் தளிரையும் உதிர்ந்த இலையையும் தின்றது. புலி இல்லாததால் எங்கேயும் பயமில்லாமல் நின்று தின்றது. விளிம்பு விலங்கு காடு முழுவதையும் தனக்கு விளிம்பாக்கிக்கொண்டது.

இதன் விளைவை அளந்து பார்த்த ஓர் ஆய்வு 2016-இல் வெளிவந்தது. மான் உள்ள தீவுகளையும் இல்லாத தீவுகளையும், மானும் யானையும் சேர்ந்து உள்ள இடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மான் இருக்கும் இடத்தில் கீழடுக்குச் செடிகள் வெகுவாகக் குறைந்திருந்தன. அதோடு, தரையிலும் சிறு செடிகளிலும் வாழும் ஓணான்களும் வெகுவாகக் குறைந்திருந்தன. இவ்விரண்டிலும் யானையைவிட மானின் பாதிப்பே பெரிதாகத் தெரிந்தது. உருவத்தில் பெரியது செய்யும் சேதம்தான் பெரிதாக இருக்கும் என்ற நம் நினைப்பு இங்கே பொய்த்துப் போகிறது. யானை எண்ணிக்கையில் குறைவு. மானோ எங்கும் நிறைந்து, மனித முழங்கால் உயரத்துக் கன்றைக் குறிவைத்துத் தின்கிறது.

மான் ஓணானைத் தின்னாது. பின்னே ஏன் ஓணான் குறைந்தது? அந்தமான் ஓணான் மெல்லிய கன்றுகளின் தண்டில் உட்கார்ந்து, கீழே ஓடும் எறும்பையும் பூச்சியையும் பார்த்துக் குதித்துப் பிடிக்கும். இரவிலும் அந்தச் சிறு செடிகளிலேயே தூங்கும். கன்று போனால் அதற்கு நாற்காலியும் போச்சு, கட்டிலும் போச்சு. செடியை நம்பியிருந்த பூச்சியும் குறையும்; ஒளிய இடமும் இருக்காது. இனி ஓணானைத் தின்னும் கொம்பேறி மூக்கன் வகைப் பாம்பும் மீன்கொத்தியும் பருந்தும் என்ன செய்யும் என்று நீங்களே தொடர்ந்து யோசித்துக்கொள்ளலாம். உணவு வலை என்பதன் பொருள் இதுதான்: அடி விழுவது ஓரிடம், வலிப்பது வேறிடம்.

மேலே நிற்கும் படாக்கைப் பார்த்தால் காடு பசுமையாகத்தான் தெரியும். விமானத்திலிருந்து பார்ப்பவருக்கும் செயற்கைக்கோள் படத்துக்கும் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் இன்றைய கன்றுதான் நூறு வருஷம் கழித்து வரும் மரம். கிழவர்கள் மட்டும் இருந்து குழந்தைகளே இல்லாத ஒரு கிராமத்தை நினைத்துப் பாருங்கள். வீடெல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. கனடாவின் மேற்குக் கரையில் உள்ள ஹைடா குவாய் தீவுக் கூட்டத்துக்கு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மான்கள் கொண்டுவரப்பட்டன. மான் நெடுங்காலமாக இருக்கும் தீவுகளில் கீழடுக்குச் செடிகளும் பூச்சிகளும் புதர்ப் பறவைகளும் குறைந்திருப்பதை அங்கும் கண்டார்கள். சில சிறு தீவுகளில் மானைப் பெருமளவு குறைத்தபோது செடிகள் மீண்டும் தழைத்தன. ஆகவே நோய்க்கு மருந்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

நாம் உண்டாக்கிய விளிம்பு

அந்தமானில் இயற்கையான புல்வெளி விளிம்பு இல்லை என்றேன். ஆனால் செயற்கையான விளிம்பு நிறையவே உண்டு. 1949 முதல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகள் குடியமர்த்தப்பட்டபோது பள்ளத்தாக்குக் காடுகள் வயலாகின. பிறகு சாலை, தோட்டம், குடியிருப்பு. வயலும் காடும் தொட்டுக்கொண்டு நிற்கும் அந்த ஓரத்தில் புது விருந்தாளிகள் பலர் இருக்கிறார்கள்.

ஆப்பிரிக்கப் பெரு நத்தை ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் (1942-45) வந்ததாகச் சொல்வார்கள். மழை பெய்தால் சுவரில் ஏறி, முருங்கைக்கும் பப்பாளிக்கும் அது செய்யும் கொடுமை நம் எல்லாருக்கும் தெரியும். அண்மையில் பரவியது, மெயின்லேண்டு வயல்களில் மழைக்குக் கத்தும் பெரிய மஞ்சள் தவளை. வளர்ப்பு மீன்குஞ்சுகளோடு கலந்து இது தீவுகளுக்கு வந்து, 2000-க்குப் பிறகு வேகமாகப் பரவியிருக்கிறது. குட்டை வெட்டி மீன் வளர்க்கிறவர் மீன்குஞ்சு என்று நினைத்து வாங்கி விட்டதில் பாதி தலைப்பிரட்டை! இந்தத் தலைப்பிரட்டைகளோடு ஒன்றாக வளர்க்கப்பட்ட உள்ளூர்த் தவளைக் குஞ்சுகள் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை என்று 2019-இல் வெளியான ஒரு பரிசோதனை காட்டியது. வளர்ந்த தவளையும் பூச்சி, பல்லி, கோழிக்குஞ்சு என்று எதையும் விடுவதில்லை.

"நாமளும் வந்தவங்கதானே?"

இந்த விஷயத்தைச் சங்க நண்பர்களிடம் ஒருநாள் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் குறுக்கிட்டார். "தம்பி, வெளியில இருந்து வந்தது, பெருகிப் போச்சு, குறைக்கணும்னு மானைப் பத்தி நீங்க சொல்றது எனக்கு என்னவோ மாதிரி இருக்கு. நாமளும் கப்பல்ல வந்தவங்கதானே? நாளைக்கு நம்மளைப் பார்த்தும் ஒருத்தன் இதையே சொல்லமாட்டானா?" என்றார்.

கூட்டம் அமைதியாகிவிட்டது. அவர் குடும்பம் இலங்கையிலிருந்து, 1964-ஆம் ஆண்டு சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பி, கச்சால் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்த குடும்பம். ஒரு நாட்டில் 'வந்தவர்கள்' என்று சொல்லப்பட்டு வெளியேறியவர்கள். அவருக்குப் பதில் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிப்பது நியாயமல்ல.

என் பதில் இது. உயிரியலில் 'அயல் இனம்' என்பது ஒரு கணக்குச் சொல். எந்த வலையில் பின்னப்பட்டது, எந்த வலைக்குள் வந்து விழுந்தது என்பதை மட்டும் அது சொல்கிறது. மனிதர் எல்லாரும் ஒரே இனம். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு வந்த மனிதனை அந்தச் சொல்லால் குறிப்பது அறிவியலும் அல்ல, அறமும் அல்ல. அதோடு, மான் தானாக வரவில்லை. அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. புல்லையும் புலியையும் மந்தியையும் நெல்லியையும் விட்டுவிட்டு அதை மட்டும் பிடுங்கிக் கொண்டுவந்தவன் மனிதன். மான் தனக்குத் தெரிந்ததைச் செய்கிறது. நாமோ, செய்ததைத் திரும்பிப் பார்க்கத் தெரிந்தவர்கள். அந்த ஒரு வித்தியாசத்தால்தான் பொறுப்பு நம் தலையில் விழுகிறது. பெரியவர் சற்று யோசித்துவிட்டு, "அப்படின்னா குத்தவாளி மான் இல்லை, கொண்டுவந்தவன்" என்றார். அதேதான்.

சட்டமும் நாமும்

1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் புள்ளிமானுக்குப் பாதுகாப்பு தருகிறது. முதுமலைக்கு அது மிகவும் பொருத்தம். அதே சட்டம் அதே பாதுகாப்பை அந்தமானிலும் தருகிறது. 2022-இல் வந்த திருத்தம் அயல் இனங்களைக் கட்டுப்படுத்த முதன்முறையாக வழிசெய்தது. ஆனால் அதன் விளக்கத்தில் 'இந்தியாவுக்கு உரியதல்லாத' இனம்தான் அயல் இனம். புள்ளிமானும் மஞ்சள் தவளையும் இந்தியாவுக்கு உரியவை. ஆகவே ஆப்பிரிக்க நத்தை இந்த விளக்கத்துக்குள் வரும். மானும் தவளையும் வாரா. நாட்டின் எல்லை வேறு, உயிரினத்தின் எல்லை வேறு என்பதைச் சட்டம் இன்னும் எழுத்தில் ஏற்கவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் நம் தீவுகளுக்கு இது பெரிய குறை. தீவுகளுக்கென்று தனி விளக்கம் வேண்டும் என்று படித்தவர்கள் கேட்பதற்கு இடமிருக்கிறது.

மானைக் கொல்லவேண்டுமா, பிடித்து மாற்றவேண்டுமா, கருத்தடை செய்யலாமா என்பது வனத்துறையும் விஞ்ஞானிகளும் மக்களும் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். நம் மனம் மானைக் கொல்ல ஒப்பாது என்பதும் உண்மையே. ஆனால் மான் மேல் வைக்கும் இரக்கத்தில் கொஞ்சம் ஓணானுக்கும் இருக்கட்டும். அழகான கண் இல்லை என்பதற்காக அதற்கு வழக்கே இல்லாமல் போய்விடக் கூடாது. முதல் வேலையாக, மான் இன்னும் எட்டாத சின்னத் தீவுகளை அப்படியே காப்பதும், மான் உள்ள காட்டில் அங்கங்கே வேலியிட்டுக் கன்றுகளை வளரவிட்டுப் பார்ப்பதும் யாரும் மறுக்கமுடியாத காரியங்கள்.

நம்மால் ஆனவையும் உண்டு. சுற்றுலாத் தீவுகளில் மானுக்குப் பிஸ்கட்டும் பழத்தோலும் போடவேண்டாம். மான்குட்டியை வளர்க்கவென்று ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குக் கொண்டுபோக வேண்டாம். மீன்குஞ்சு வாங்கும்போது குட்டையில் விடுமுன் ஒரு வெள்ளைப் பாத்திரத்தில் ஊற்றி, தலைப்பிரட்டை இருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்கிவிடலாம். கப்பலில் வரும் செடித்தொட்டியின் மண்ணில் நத்தை முட்டை இருக்கிறதா என்று கிளறிப் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை.

ஊர் திரும்பிய தங்கை மகள் போன வாரம் போனில் பேசினாள். பள்ளியில் கிண்டிப் பூங்காவுக்கு அழைத்துப் போனார்களாம். சென்னை நகரத்தின் நடுவே, மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இடத்தில், புள்ளிமானும் வெளிமானும் வாழும் தேசியப் பூங்கா அது. "மாமா, வெளிமானுக்குப் புல்வெளிதான் வேணுமாம். புதர் வளர்ந்து புல்வெளி சின்னதாயிட்டா அதுக்கு இடமே இல்லையாம். புள்ளிமானுக்கு ரெண்டும் ஓகேவாம்" என்றாள். பிறகு, "அங்கேயும் புலி இல்லை மாமா" என்று சேர்த்துக்கொண்டாள்.

ஒரு விலங்கைப் பார்த்ததும் "இதைத் தின்றது எது, இது தின்றது எது, இதெல்லாம் இங்கே இருக்கிறதா" என்று ஒரு குழந்தை கேட்கக் கற்றுக்கொண்டால் உணவு வலைப் பாடம் முடிந்தது என்று அர்த்தம். நம் தீவுப் பிள்ளைகளும் ராஸ் தீவில் மானோடு படம் எடுக்கும்போது, அப்படியே குனிந்து தரையில் எத்தனை மரக்கன்று நிற்கிறது என்று எண்ணிப் பார்க்கட்டும்.